சங்கிலி வாளின் வயது

தேதியில்லாத கல்வெட்டொன்று கிடைத்தால், அதன் எழுத்தமைதியைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கிறோம். ஏட்டுச் சுவடியொன்று கிடைத்தால், பாடபேதங்களை ஒப்புநோக்கி, எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்தறிய முயல்கிறோம். தமிழ் கற்றோர்க்கு இவ் வேலை பழக்கமானது. ஆனால், உழைப்பாளியின் கையில் தேய்ந்து, பின்னர் ஒதுக்கி எறியப்பட்ட ஒரு கருவியும் அத்தகையதோர் ஆவணமே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அரசனின் மெய்க்கீர்த்தியைப் படிக்கத் தெரிந்த நாம், மரம் வெட்டுபவனின் வாளைப் படிக்கத் தெரியாதவர்களாய் இருக்கிறோம். மெய்க்கீர்த்தியைப் பொறிப்பித்தவன் தன் வெற்றிகளை மட்டுமே பொறிப்பித்தான். வாளோ தன்னைப் பிடித்தவனின் வேதனையையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கருவி, பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள். அமெரிக்கா, கனடா, ஜேர்மனி, சுவீடன் முதலிய நாடுகளில் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் காட்டுத் தொழிலாளர் பயன்படுத்திய வாள்கள், பழைய கொட்டில்களிலும் இரும்புக் கடைகளிலும் இன்றும் அகப்படுகின்றன. அவற்றைத் தேடியெடுத்துத் துருநீக்கி மீண்டும் ஓடச் செய்வோர் அந்நாடுகளிற் பலர். வாள் கைக்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘இது எந்த ஆண்டிற் செய்யப்பட்டது?’ என்பதே. எளிய கேள்விதான். ஆயினும் அதற்குச் சரியான விடை காணப் புகுந்தால், பண்டத்தின் வரலாற்றில் தொடங்கி மனிதனின் வரலாற்றில் வந்து நிற்போம்.

பிறப்பு

சங்கிலி வாள் பிறந்த இடம் காடு அன்று, மருத்துவரின் அறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்ற இரு மருத்துவர்கள், பல்வைத்த சிறு சங்கிலியின் இரு முனைகளிலும் பிடிகளைப் பொருத்தி, எலும்பை அறுக்கும் கருவியாக அதனை வகுத்தனர். தடைப்பட்ட பிரசவத்தில் தாயின் இடுப்பெலும்பு மூட்டைப் பிரித்து வழியுண்டாக்குவதற்கும், நோயுற்ற எலும்பை நீக்குவதற்கும் அது உரியதாயிற்று. அறுவைக்கு மயக்கமருந்து வழங்காத அந்நாளில், வெட்டும் நேரம் குறைவதே நோயாளிக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். 1830ஆம் ஆண்டளவில் பெர்ணார்ட் ஹைனே என்ற ஜேர்மனியர், ஓர் அலகைச் சுற்றிச் சங்கிலி ஓடுமாறும், கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரம் அச் சங்கிலியை இழுக்குமாறும் அமைத்தார். இன்றைய வாளின் உருவம் அதிலேயே தெரிகிறது.

எண்ணம் இருந்தது, அதனை மரத்தின் மேல் ஏவும் ஆற்றல்தான் இல்லை. நீராவி இயந்திரத்தை மலைச்சரிவில் தோளில் தூக்கிச் செல்ல இயலாது. 1905ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் என்பவர், கலிபோர்ணியாவின் பேருருவான ரெட்வுட் மரங்களை வீழ்த்துவதற்காக ‘முடிவில்லாச் சங்கிலி வாள்’ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் காட்டில் மரம் வீழ்ந்தது கோடரியாலும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீண்ட வாளாலுமே. பெற்றோல் இயந்திரம் இருவர் சுமக்கக்கூடிய அளவுக்குச் சிறுத்த பின்னரே நிலைமை மாறியது.

1926ஆம் ஆண்டில் ஷ்டுட்கார்ட் நகரில் அந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் இயங்கும் சங்கிலி வாளொன்றைச் செய்தார். அடுத்த ஆண்டில் எமில் லேர்ப் என்பவர், துரிங்கியப் பகுதியிலுள்ள டோல்மார் மலையில் பெற்றோல் வாளொன்றை ஓட்டிக் காட்டினார். அம் மலையின் பெயரே பின்னர் அவரது நிறுவனத்தின் பெயராயிற்று. 1929ஆம் ஆண்டில் ஷ்டீலின் பெற்றோல் வாள் வந்தது. அதன் எடை 46 கிலோகிராம். வலு 6 குதிரைவலு. இயந்திரத்தின் பக்கம் ஒருவரும் அலகின் நுனியில் ஒருவருமாக அதனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பழைய வாளின் இருவர், புதிய வாளிலும் இருவராகவே இருந்தனர். மாறியது அவர்கள் இழுத்த முறையும், அவர்கள் காதருகே எழுந்த இரைச்சலுமே.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘உலகின் முதலாவது’ என்ற அடைமொழியை ஒவ்வொரு நிறுவனமும் தனதாக்கிக்கொள்ள விரும்புகிறது. மின்சாரமா பெற்றோலா, ஒருவர் வாளா இருவர் வாளா என்று அடையைச் சற்றே மாற்றினால் முதலிடமும் மாறிவிடும். ஷ்டீல் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 16 கிலோகிராம் எடையுள்ள வாளே ஒருவர் தனித்து இயக்கிய முதலாவது சங்கிலி வாள் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த மக்கலக் நிறுவனம், ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் வாளை 1949ஆம் ஆண்டிலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. வணிகரின் விளம்பரமும் ஒருவகை மெய்க்கீர்த்தியே. அதனைத் தள்ளிவிடவும் வேண்டாம். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத செய்திகளும் உண்டு. ஷ்டீல் 1933ஆம் ஆண்டில் நாசிக் கட்சியிற் சேர்ந்தவர்; பின்னர் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினரானவர். போர்க்காலத்தில் அவரது தொழிற்சாலையில் கட்டாய உழைப்பாளரிடம் வேலை வாங்கப்பட்டது. போர் முடிந்ததும் நேச நாட்டினர் அவரைத் தடுத்து வைத்தனர். அந்நாளைய வாளொன்றைக் கையில் எடுப்பவர், அதன் வார்ப்பின் நேர்த்தியை வியப்பதோடு, அவ் வார்ப்பை ஊற்றியவர்கள் யார் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

காலங்கணித்தல்

இனி, முன்னே கிடக்கும் வாளுக்கு எவ்வாறு வயது கணிப்பது? பெயர்த்தகடு முழுமையாக இருந்து, நிறுவனத்தின் தொடரெண் பதிவேடும் கிடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் தகடுகள் உதிர்ந்துபோகின்றன, நிறுவனங்கள் கைமாறுகின்றன, சில அழிந்தும் போகின்றன. மக்கலக் நிறுவனம் அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டில் முறிந்து, அதன் பெயர் பிறர் கைக்குச் சென்றது. அப்பொழுது நாம் நம்ப வேண்டியது இயந்திரத்தின் உடம்பையே.

எழுத்துச் சான்றுகளை முதலிற் பார்ப்போம். அமெரிக்கத் தகடொன்றில் ‘லொஸ் ஏஞ்சல்ஸ் 45, கலிபோர்ணியா’ என்று முகவரி இருந்தால், நகரப் பெயரின் பின்னுள்ள அந்தச் சிறு எண் அஞ்சல் வலய எண்ணாகும். அம்முறை 1943ஆம் ஆண்டிற் புகுந்தது. 1963ஆம் ஆண்டில் ஐந்திலக்க அஞ்சற் குறியீடு வந்ததும் அது வழக்கொழியத் தொடங்கியது. எனவே தகடு அவ்விரு எல்லைகளையும் பெரும்பாலும் தாண்டாது. காப்புரிமை எண்ணும் அவ்வாறே பேசும். அமெரிக்கக் காப்புரிமைகளில் இருபது இலட்சமாவது 1935ஆம் ஆண்டிலும், முப்பது இலட்சமாவது 1961ஆம் ஆண்டிலும் வழங்கப்பட்டன. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணைத் தாங்கிய வாள் 1961க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜேர்மன் வாள்களில் ‘டி.ஆர்.பி.’ என்ற குறி பழைய ஜேர்மன் பேரரசுக் காப்புரிமையையும், ‘டி.பி.பி.’ என்ற குறி போருக்குப் பின்னெழுந்த கூட்டாட்சிக் குடியரசின் காப்புரிமையையும் குறிக்கும். ‘மேற்கு ஜேர்மனியிற் செய்யப்பட்டது’ என்ற தொடர், 1949ஆம் ஆண்டுக்கும் 1990ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறது. உலகப்போரும் நாட்டுப் பிரிவினையும் ஒரு சிறு வார்ப்பெழுத்திற் பதிந்து கிடக்கின்றன.

எழுத்து அழிந்துபோயின் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். பிடிகள் இரண்டு ஆட்களுக்கு உரியனவா, ஒருவருக்கு உரியனவா? இருவர் வாளாயின் பெரும்பாலும் 1920களின் இறுதிக்கும் 1950களுக்கும் இடைப்பட்டது. காபுரேற்றர் எத்தகையது? பழையது மிதவையுடையது. கிண்ணத்திலுள்ள பெற்றோலின் மட்டத்தை மிதவை காக்கும். ஆனால் இயந்திரத்தைச் சரித்தால் மட்டம் கெட்டு இயந்திரம் நின்றுபோகும். ஆகவே மரத்தை நிலைக்குத்தாக நிற்கும்போதும், கிடந்த பின்னரும் அறுப்பதற்கு, இயந்திரத்தை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு அலகை மாத்திரம் திருப்பும் பொறியமைப்பு அந்நாளைய வாள்களில் உண்டு. மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வொன்று பெற்றோலை அளந்துவிடும் காபுரேற்றர் 1950களிற் பரவியதும், வாளை எப்பக்கமும் சரிக்கலாம், தலைகீழாகவும் பிடிக்கலாம் என்றாயிற்று. திரும்பும் அலகு அத்துடன் மறைந்தது.

அடுத்து, இயந்திரத்துக்கும் சங்கிலிக்கும் இடையே கியர்ப் பெட்டி உண்டா என்று நோக்க வேண்டும். முற்பட்ட இயந்திரங்கள் மெதுவாகச் சுழன்று, கியரின் துணையோடு சங்கிலியை இழுத்தன. 1950களில் விரைவாகச் சுழலும் இயந்திரங்கள் தோன்றி, கியரை நீக்கிச் சங்கிலியை நேராகவே இழுத்தன. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொன்ட்ரா’ என்னும் ஷ்டீல் வாள் அவ்வகையிற் பேர்பெற்றது. 6 குதிரைவலுவும் 12 கிலோகிராம் எடையும் உடையது. 1929ஆம் ஆண்டில் 46 கிலோகிராம் கொடுத்த அதே வலுவை முப்பது ஆண்டுகளின் பின் 12 கிலோகிராம் கொடுத்தது. அதே ஆண்டில், 1689ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடனின் ஹுஸ்க்வர்ணா நிறுவனமும் தனது முதலாவது சங்கிலி வாளை வெளியிட்டது.

பிடிக்கும் உடலுக்கும் இடையே இறப்பர் மெத்தைகள் இருக்குமாயின், வாள் 1960களின் நடுப்பகுதிக்கு முந்தியதாகாது எனலாம். முன்கைப்பிடியின் எதிரே கையுறை காக்கும் தகடும், அதனோடிணைந்து சங்கிலியைக் கணத்தில் நிறுத்தும் தடுப்பும் இருந்தால் அது பெரும்பாலும் 1970களுக்கு முந்தியதாகாது. ஹுஸ்க்வர்ணா தானாக இயங்கும் சங்கிலித் தடுப்பை 1973ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்தது.

இங்கே சுவடிப் பதிப்பாசிரியரின் எச்சரிக்கை நமக்கும் வேண்டும். சங்கிலியும் அலகும் தேயும் பொருள்கள், ஆண்டுதோறும் மாற்றப்படுபவை. 1948ஆம் ஆண்டு வாளில் 1980ஆம் ஆண்டுச் சங்கிலி தொங்கக் கூடும். அது இடைச்செருகல், அதைக் கொண்டு மூலத்தின் காலத்தைக் கூறலாகாது. மூல உறுப்புகளுள் மிகப் பிந்தியது எதுவோ, அதுவே வாளின் முன்னெல்லை. மற்றொரு விதியும் உண்டு: ஓர் உறுப்பு இருப்பது சான்று, இல்லாமை அத்தனை உறுதியான சான்றன்று. அதிர்வைத் தாங்கும் இறப்பரும் சங்கிலித் தடுப்பும் விலையுயர்ந்த வாள்களில் வந்த பின்னரும், மலிவான வாள்கள் அவையின்றியே விற்கப்பட்டன. ஆகவே, பாதுகாப்பில்லாத வாள் ஒன்றைக் கண்டதும் ‘இது பழையது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதை வாங்கியவனிடம் பணம் குறைவாயிருந்தது என்பதே அதன் பொருளாகவும் இருக்கலாம்.

சங்கிலியைப் பற்றி ஒரு சொல். ஆதிச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் பின்பற்றியவை. சில பற்கள் நாரைக் கீறும், சில பற்கள் கீறியதைத் தோண்டியெடுக்கும். அவை விரைவில் மழுங்கின. அவற்றைக் கூராக்குவது பெருவேலை. ஒரிகன் மாநிலத்துக் காடுகளில் மரம் வெட்டியவரான ஜோ கொக்ஸ் என்பவர், 1946ஆம் ஆண்டில், கோடரியால் மரக்கட்டையைப் பிளந்தபோது அதனுள்ளே மரத்தைத் தின்றுகொண்டிருந்த வண்டின் புழுவைக் கண்டார். நாரின் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருபோலவே அது மென்று செல்வதையும், அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறிமாறி அசைவதையும் கூர்ந்து நோக்கினார். வளைந்த பற்களை இடமும் வலமுமாக அடுக்கிய சங்கிலியொன்றை உருவாக்கி, 1947ஆம் ஆண்டில் போர்ட்லண்ட் நகரிலுள்ள தம் வீட்டின் நிலவறையிலேயே உற்பத்தியைத் தொடங்கினார். இன்று ஓடும் சங்கிலிகள் யாவும் அவ்வழி வந்தவையே. கைகளால் உழைத்தவனின் கண்ணுக்கு அப் புழு ஆசிரியனாயிற்று. கண்டுபிடிப்பு என்பது படித்தோரின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் இச்செய்தியை நினைவில் வைப்பது நன்று.

பழுது பார்த்தல்

பழைய வாளை மீண்டும் ஓடச் செய்வது மந்திரமன்று. இரண்டடிப்பு இயந்திரத்துக்கு வேண்டியவை மூன்றே: தீப்பொறி, அமுக்கம், அளவான எரிபொருட் கலவை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணத்தைக் காண்பது, பழுதுபார்ப்போன் கைக்கொள்ளும் விஞ்ஞான முறை.

முதலிற் பிளக்கைக் கழற்றி, அதனை இயந்திர உடலோடு தொடவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். பொறி தோன்றாவிடில், சுழலும் சில்லின் கீழேயுள்ள தொடுமுனைகளைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓடாமற் கிடந்த வாளில் அம்முனைகளின் மேல் மெல்லிய களிம்பு படிந்திருக்கும். மின்னோட்டத்துக்கு அதுவே சுவர். மென்மையாகத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவுக்குச் சரிசெய்தால், அரை நூற்றாண்டு உறங்கிய காந்தம் மீண்டும் பொறியைத் தரும். பல வாள்களில் குறை இவ்வளவே.

அடுத்து அமுக்கம். வெளியேற்றுக் குழாயைக் கழற்றி, அத் துவாரத்தின் வழியே பிஸ்டனைப் பார்க்கலாம். மேனி மழமழவென்றிருந்தால் நல்லது. நெடுங்கோடாகக் கீறல்கள் விழுந்திருந்தால், எண்ணெய் போதாமலோ காற்று மிகுந்தோ இயந்திரம் வெந்திருக்கிறது. இருக்கரைத் தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் காய்ந்து வெடித்தால், அவ்வழியே காற்றுப் புகுந்து கலவை மெலியும். மெலிந்த கலவை சூட்டைப் பெருக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கீறலைக் கண்டவர் பிஸ்டனை மட்டும் மாற்றி வாளை மூடிவிட்டால், அடுத்த வாரமே அதே கீறலை மறுபடியும் காண்பார். காரியத்தை நீக்கிக் காரணத்தை விட்டுவைக்கும் சீர்திருத்தங்கள் இயந்திரத்திலும் நிலைப்பதில்லை.

மூன்றாவது கலவை. காபுரேற்றரின் சவ்வு காலத்தால் விறைத்துப்போகும். பெற்றோற் குழாய் கல்லாகும். இக்காலப் பெற்றோலில் கலக்கப்படும் எதனோல் பழைய இறப்பரை விரைவில் கெடுக்கும். இவ்விரண்டையும் மாற்றாமல் ஓட்டுவது வீண். எண்ணெயின் அளவும் கவனிக்கத் தக்கது. இன்றைய வாள்களுக்கு ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். அந்நாளைய வாள்கள் பலவற்றுக்குப் பதினாறுக்கு ஒன்று, இருபத்தைந்துக்கு ஒன்று என்றே விதிக்கப்பட்டிருந்தது. அப்படியாயின், புகைக்கும் அவ்வியந்திரத்தின் அருகே நாள் முழுதும் நின்றவன் என்ன காற்றைச் சுவாசித்தான் என்பதை ஊகிப்பது கடினமன்று. பழைய அடைப்புத் தகடுகளிற் கல்நாரும் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்தபடி சுரண்டலாகாது. உடல் மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனதாயின், அதனை அராவும்போது விழும் தூள் தீப்பற்றக் கூடியது. எரியும் மக்னீசியத்தின்மேல் நீரை ஊற்றுவது தீயைப் பெருக்கும்.

இத்தனைக்கும் பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தேய்ந்த பிடியை மெருகிட்டு, வண்ணம் பூசிப் புதிதுபோல் ஆக்குவதா? அப்படியே விட்டுவைப்பதா? பிடியின் தேய்வு, அதைப் பிடித்தவன் வலக்கையனா இடக்கையனா என்பதைச் சொல்லும். ஒட்டுப்போட்ட வெல்டிங், புதிய வாள் வாங்க வசதியற்ற ஒரு குடும்பத்தைச் சொல்லும். இயங்கும் உறுப்பைப் புதுக்குவதும், கைபட்ட இடத்தைக் காப்பதுமே தக்கது. அவ்வாறு உயிர்பெற்ற வாள், காட்சிக்கும் கல்விக்கும் உரியது. சங்கிலித் தடுப்பில்லாத வாளின் அலகு நுனி மரத்தில் மோதினால், அலகு இயக்குபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி மேலெழுந்து பாயும். பழமையின் மேலுள்ள காதலால் அந்த ஆபத்தையும் பழமைபோலவே ஏற்க வேண்டியதில்லை.

வெள்ளை விரல்கள்

இறப்பர் மெத்தையை வயதின் அடையாளமாக முன்னே குறிப்பிட்டோம். அது எதற்காக வந்தது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

1954ஆம் ஆண்டு செப்டெம்பரில் கடும் சூறாவளியொன்று யப்பானின் ஹொக்கைடோத் தீவைத் தாக்கிற்று. அது மூழ்கடித்த டோயா மாரு என்னும் கப்பலின் பெயராலேயே அதனை இன்றும் அழைப்பர். காடுகளில் எண்ணிலடங்கா மரங்கள் சாய்ந்தன. அவை உக்கிப்போகுமுன் அறுத்தெடுக்க வேண்டியிருந்ததால், அரசாங்கக் காடுகளிற் சங்கிலி வாள் பெருமளவிற் புகுத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழிந்தன. குளிர்காலைகளில் தொழிலாளரின் விரல்கள் குருதியற்று வெளுத்தன, மரத்தன, ஊசி குத்தினாலும் உணர்வில்லை. மெழுகுபோல் வெளுத்த விரலைக் கண்டு மக்கள் அதனை ‘வெண்மெழுகு நோய்’ என்றனர்.

இது எவரும் அறியாத நோயன்று. காற்றமுக்கக் கருவியால் கல்லைச் செதுக்கிய தொழிலாளரிடம் இதனை இத்தாலிய மருத்துவர் லொரிகா 1911ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். அமெரிக்க மருத்துவப் பெண்மணி அலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்துச் சுண்ணக்கல் தொழிலாளரைப் பரிசோதித்து 1918ஆம் ஆண்டில் அறிக்கை எழுதியிருந்தார். அதிர்வு, விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது என்பது நூலகத்தில் இருந்த அறிவு. இருந்தும், இறப்பரில்லாத வாள்கள் பத்தாயிரக்கணக்கான கைகளுக்கு வழங்கப்பட்டன. அறிவு இல்லாமையால் நேர்ந்த துன்பம் வேறு. அறிவு உரிய இடத்துக்குச் செல்லாமையால் நேர்ந்த துன்பம் வேறு. பின்னதற்குப் பொறுப்பாளிகள் உண்டு.

யப்பானிய அரசாங்கக் காட்டுத் தொழிலாளரின் தொழிற்சங்கம் இக் கோரிக்கையைக் கையிலெடுத்தது. 1965ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய ஒளிபரப்பு நிலையம் வெளுத்த விரல்களைத் தொலைக்காட்சியிற் காட்டியபோது நாடு அதிர்ந்தது. 1969ஆம் ஆண்டில், ஒருவர் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சங்கிலி வாளைப் பிடிக்கலாகாது என்று காட்டுத் திணைக்களமும் சங்கமும் உடன்பட்டன. இரண்டு மணி நேரம்! அந்த எண்ணை எட்டுவதற்குள் எத்தனை கைகள் வெளுத்திருக்கும்!

இயந்திரத்தைத் திருத்தினால் நோயும் குறையும் என்பதற்குப் பின்லாந்து சான்றாகும். அந்நாட்டுக் காட்டுத் தொழிலாளரிடம் 1972ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பட்ட தொடராய்வில், முதலில் நூற்றுக்கு 40 பேரிடம் காணப்பட்ட வெள்ளை விரல் நோய், 1990ஆம் ஆண்டில் நூற்றுக்கு 5 பேர் என்ற அளவுக்குத் தாழ்ந்தது. அக்காலத்தில் வாளின் அதிர்வு அளவு செக்கனுக்குச் செக்கன் 14 மீற்றரிலிருந்து 2 மீற்றராகக் குறைந்திருந்தது. அற்புத மருந்தெதுவும் வரவில்லை. வந்தவை சில இறப்பர்த் துண்டுகளும் சுருள்வில்களும், மேற்பட்ட அமைப்பும்.

ஆனால் பொறியமைப்பு மட்டும் போதாது. அறுத்த மரத்தின் அளவுக்கே கூலி என்றால், தொழிலாளி தன் கையைத் தானே விரட்டுவான். ஓய்வு அவனுக்கு நட்டமாகிவிடும். 1975ஆம் ஆண்டில் சுவீடனின் வடபகுதிக் காட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்கள் கேட்டது மாதச் சம்பளம். துண்டுக்கூலி விபத்துக்களையும் நோயையும் வளர்க்கிறது என்பதே அவர்களின் வாதம். அப் போராட்டத்தின் பின் வெறுந் துண்டுக்கூலி முறை அங்கே படிப்படியாக விலகியது. கியரையும் காபுரேற்றரையும் போலவே கூலி முறையும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. பெயர்த்தகட்டில் அது பொறிக்கப்படுவதில்லை, அவ்வளவே.

வாளின் எதிரே நின்றோர்

வாளைப் பிடித்தவனின் வரலாறு பாதி. வாளின் எதிரே நின்றவர்களின் வரலாறு மறு பாதி. பிரேசில் நாட்டின் ஆக்ரி மாநிலத்தில், இறப்பர்ப் பால் எடுத்துப் பிழைத்த குடியானவர்கள், தம் காட்டை மேய்ச்சல் நிலமாக்க வந்த பண்ணையாரின் ஆட்களை 1970களின் நடுப்பகுதி தொடக்கம் கூட்டமாய்ச் சென்று மறித்தனர். ‘எம்பாத்தே’ என்று பெயர்பெற்ற அம் மறியலில், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் மரங்களுக்கும் வாள்களுக்கும் இடையே நின்றனர். வாள் பிடித்திருந்த கூலியாட்களும் தம்மைப்போன்ற ஏழைகளே என்பதை அவர்கள் மறக்கவில்லை. பகையாகக் கருதாமல் அவர்களோடு பேசினர், வேலையை விட்டு நீங்குமாறு வேண்டினர். அவர்களின் தலைவர்களுள் வில்சன் பின்ஹெய்ரோ 1980ஆம் ஆண்டிலும், சிக்கோ மெண்டிஸ் 1988ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாளிலும் கொல்லப்பட்டனர்.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டில், சங்கிலி வாள் வைத்திருப்போர் அதனைப் பொலிஸ் நிலையத்திற் பதிவுசெய்ய வேண்டுமென்று அரசாங்கம் பணித்தது. காடழிவைத் தடுப்பதே நோக்கமாகக் கூறப்பட்டது. காட்டைக் காப்பது வேண்டுவதே. ஆயினும் வாளைப் பதிவேட்டில் எழுதினால் மாத்திரம் போதுமா? வெட்டச் சொன்னவன் யார், மரத்தை வாங்கியவன் யார், வெறுமையான நிலத்தைப் பெற்றவன் யார் என்பவற்றையும் எழுதும் பதிவேடு வேண்டாமா? கருவியைக் குற்றவாளியாக்குவது எளிது. அது வாய் திறந்து மறுப்பதில்லை.

சங்கிலி வாளைக் கொண்டாடவோ பழிக்கவோ இதனை எழுதவில்லை. இருவர் நாள் முழுதும் இழுத்த வேலையை ஒருவர் சிறிது நேரத்தில் முடிக்க அது வழி செய்தது. அந்த மிச்ச நேரம் தொழிலாளிக்கு ஓய்வாக வந்ததா, முதலாளிக்கு இலாபமாகப் போனதா என்பதை நாட்டுக்கு நாடு போராட்டமே தீர்மானித்தது. ஒரு வாளின் வயதைக் கணிக்கும்போது நாம் உண்மையில் கணிப்பது, அப் போராட்டம் அன்று எந்த இடத்தில் நின்றது என்பதையே. இறப்பரில்லாத பிடி ஒரு காலம். இறப்பருள்ள பிடி மற்றொரு காலம். இரண்டுக்கும் இடையே சங்கக் கூட்டங்களும், மருத்துவ அறிக்கைகளும், வெளுத்த விரல்களும் இருக்கின்றன.

பாடசாலையில் வரலாறு கற்பிப்போரும் கற்போரும் இம் முறையை ஒரு பயிற்சியாகக் கைக்கொள்ளலாம். நம் பட்டறைகளிலும் கொட்டில்களிலும் துருவேறிக் கிடக்கும் எந்தக் கருவியையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். எங்கே செய்யப்பட்டது, எந்த உறுப்பு மூலம், எது பின்னே மாற்றியது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று மாணவரைக் கொண்டு எழுதுவியுங்கள். அதைப் பிடித்து உழைத்த முதியவர் ஒருவர் ஊரில் இருப்பாராயின் அவரை வகுப்புக்கு அழைத்து, அவர் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத அத்தியாயமொன்றை அம் மாணவர்கள் தாமே எழுதத் தொடங்குவர்.